அறிஞர் சித்திலெப்பை: மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொணர்ந்தவர்

மலையகப் புகையிரதப் பாதை நானு ஓயாவைக் கடந்து அப்புத்தளையை வந்தடைந்தது 1893 ஆம் ஆண்டிலாகும். அதற்கு முந்திய ஆண்டில், 1892 ஆகஸ்ட் 22 ஆம் திகதி, கொழும்பு மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா என்ற பெயரில் ஒரு பாடசாலை திறந்து வைக்கப்பட்டது. புகையிரதப் பாதை ஊவா மலைச்சாரலின் தேயிலையைத் துறைமுகத்திற்குக் கொண்டு சென்றது. மருதானையில் தோன்றிய பாடசாலையோ, குர்ஆன் பள்ளிக்கூடத்தோடு கல்வியை முடித்துக்கொண்டு தராசின் முன் அமர்ந்துவிடும் முஸ்லிம் பிள்ளையை நவீன உலகின் வாசலுக்குக் கொண்டு செல்ல முற்பட்டது. அப்பாடசாலையின் பின்னணியில் நின்ற பெருமகனார், கண்டி மாநகரில் பிறந்த முகம்மது காசிம் சித்திலெப்பை ஆவார்.

அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய நகரங்களின் கடைவீதிகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் இரு கல்விகளுக்கிடையே நாளைப் பகிர்ந்துகொள்கின்றனர். காலையில் வெள்ளைச் சீருடையுடன் பாடசாலை. மாலையில் தொப்பியும் முக்காடுமாகப் பள்ளிவாசலை அண்டிய மத்ரஸா. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாத இரு உலகங்களாக இயங்க வேண்டுமா, அன்றி ஒரே பிள்ளையின் உள்ளத்தில் ஒன்றுசேர வேண்டிய இரு அறிவுகளா என்ற வினா புதிதன்று. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்னரே அவ்வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சித்திலெப்பை. மத்ரஸாக் கல்வி குறித்த விவாதங்கள் மீண்டும் மீண்டும் எழும் இக்காலத்தில் அன்னாரின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

சித்திலெப்பை 1838 ஜூன் 11 ஆம் திகதி கண்டியில் பிறந்தார். அவரது முன்னோர் அளுத்கமையிலிருந்து கண்டிக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலில் சட்டத்தரணியானவர் எனப் போற்றப்படுபவர். மூத்த சகோதரரோ அரபு மொழியிலும் மார்க்கக் கலைகளிலும் தேர்ந்த ஆலிம். ஆகவே ஒரே இல்லத்தில் ஆங்கிலச் சட்டமும் அரபுக் கல்வியும் அருகருகே நிலவின. அக்காலத்து முஸ்லிம் பிள்ளைகளுள் மிகச் சிலருக்கே வாய்த்த சூழல் இது. சித்திலெப்பை தம் இளமையிலேயே அரபையும் தமிழையும் பயின்றார். ஆங்கிலத்திலும் புலமை பெற்றார். பிற்காலத்தில் அவர் சமுதாயத்தின் முன் வைத்த திட்டம் முழுவதையும் இந்த இல்லத்தின் விரிவாகவே கொள்ளலாம். தமக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர்.

1860களின் முற்பகுதியில் அவர் சட்டத்தரணியாகித் தொழிலில் இறங்கினார். கண்டி மாநகர சபையின் உறுப்பினராகவும் பணியாற்றினார். சிறிது காலம் நீதவான் பொறுப்பையும் வகித்தார். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே தேடிவந்த நிலை அது. எனினும் நீதிமன்றம் அவருக்கு வருவாய் தரும் இடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உறுதியையும் சிங்களத்தில் கூறப்பட்ட சாட்சியத்தையும் விளங்கிக்கொள்ள இயலாமல் பிறர் வாயைப் பார்த்து நிற்கும் மக்களை அவர் நாள்தோறும் கண்டிருப்பார் என ஊகிப்பதில் தவறில்லை. எழுத்தறியாமைக்கு ஒரு சமுதாயம் செலுத்தும் விலை சட்டத்தரணியைப் போல் வேறெவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

அன்றைய கல்வி நிலையைச் சற்று நோக்குவது அவசியமாகும். 1869 ஆம் ஆண்டில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்ட பின், அரசாங்கம் உதவி நன்கொடை முறையின் மூலம் தனியார் பாடசாலைகளை ஊக்குவித்தது. அந்நன்கொடையின் பெரும் பயனைப் பெற்றவை கிறிஸ்தவ மிஷனரிமாரின் பாடசாலைகளே. ஆங்கிலம் கற்க விரும்பிய எவரும் அவற்றையே நாட வேண்டியிருந்தது. அங்கு பைபிள் பாடமும் கல்வியோடு இணைந்தே வந்தது. பிள்ளை ஆங்கிலம் கற்றுத் திரும்பும்போது ஈமானை இழந்து திரும்புமோ என்ற அச்சம் முஸ்லிம் பெற்றோரை ஆட்கொண்டது. அவ்வச்சத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அதன் விளைவாக ஒரு சமுதாயம் முழுவதுமே அரசாங்க உத்தியோகம், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளின் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

இதே அச்சம் ஏனைய சமுதாயங்களுக்கும் இருந்தது. அவை அதற்கு விடை தேடியும் கொண்டன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். 1880 இல் இலங்கை வந்த கேணல் ஒல்கொட்டின் தூண்டுதலால் பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. பின்னாளில் ஆனந்தாக் கல்லூரியான பாடசாலை 1886 இல் கொழும்பில் தோன்றியது. வட இந்தியாவில் சேர் செய்யித் அகமது கான் 1875 இல் அலிகாரில் முஸ்லிம்களுக்கான கல்வி நிலையத்தை நிறுவியிருந்தார். மிஷனரிப் பாடசாலையை வெறுத்து ஒதுங்குவதும், அதில் கரைந்து போவதும் தவிர மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை இம்முயற்சிகள் காட்டின. இலங்கை முஸ்லிம்களுக்கு அந்த மூன்றாவது வழியைத் திறந்தவர் சித்திலெப்பை.

அவர் முதலில் கையிலெடுத்த கருவி பத்திரிகையாகும். 1882 டிசம்பர் 21 ஆம் திகதி கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' என்ற வார இதழ் வெளிவரத் தொடங்கியது. உள்நாட்டுச் செய்திகளுடன் எகிப்து, துருக்கி முதலிய நாடுகளின் செய்திகளும் அதில் இடம்பெற்றன. எனினும் அதன் உயிர்நாடியாக விளங்கியது கல்வியே. முஸ்லிம்கள் அரபு, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளையும் கற்க வேண்டும் என்று அவர் இடைவிடாது வலியுறுத்தினார். மார்க்கத்தை அறிய அரபு. சிந்திக்கவும் எழுதவும் வீட்டு மொழியாகிய தமிழ். அயலவரோடு கூடி வாழச் சிங்களம். ஆட்சியையும் உலக அறிவையும் எட்ட ஆங்கிலம். நாட்டில் மொழிப் பிணக்குகள் தோன்றுவதற்குப் பல பதிற்றாண்டுகள் முன்னரே இத்தெளிவு ஒருவருக்கு இருந்தது என்பது வியப்பிற்குரியதாகும்.

பத்திரிகை தொடங்கிச் சில நாட்களிலேயே எதிர்பாராத துணையொன்று கடல் கடந்து வந்தது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி, 1882 செப்டெம்பரில் தெல் எல் கபீர் போரில் தோல்வியுற்ற அஹ்மத் அராபி பாஷாவைப் பிரித்தானியர் இலங்கைக்கு நாடு கடத்தினர். அவர் தம் தோழர்களுடன் 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். போரில் தோற்ற தளபதியை இலங்கை முஸ்லிம்கள் பெரும் மதிப்புடன் வரவேற்றனர். சித்திலெப்பைக்கும் அவருக்குமிடையே ஏற்பட்ட நட்பு இந்நாட்டு முஸ்லிம் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்தது. நவீன அறிவும் இஸ்லாமியப் பற்றும் ஒருங்கே கொண்ட ஒருவர் கண்முன்னே நின்றபோது, ஆங்கிலம் கற்றால் ஈமான் போய்விடும் என்ற வாதம் வலுவிழந்தது.

1884 ஆம் ஆண்டில் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கப்பெற்றது. அது நீடித்து நிலைக்கவில்லை. சமுதாயத்தின் ஆதரவு போதாமையால் சில ஆண்டுகளில் நலிவுற்றது. ஆங்கிலக் கல்வியே மார்க்கத்திற்கு முரணானது என்று கருதியோர் ஒருபுறம். பிள்ளை கடையில் நின்றால் இன்றே வருமானம், பாடசாலைக்குச் சென்றால் நாளை என்ன கிடைக்குமோ என்று கணக்குப் பார்த்தோர் மறுபுறம். இவ்விரு தரப்பினரும் சித்திலெப்பையின் முயற்சிக்குத் தடையாயினர். அவரோ ஊரூராகச் சென்று பேசினார், பத்திரிகையில் எழுதினார், தம் சொந்தப் பொருளையும் செலவிட்டார். வளமாக நடந்துவந்த சட்டத் தொழில் நாளடைவில் இரண்டாம் இடத்திற்குச் சென்றது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். சித்திலெப்பை குர்ஆன் பள்ளிக்கூடங்களை ஒழிக்க வந்தவரல்லர். ஊர்தோறும் பள்ளிவாசலின் நிழலில் லெப்பைமார் நடத்திவந்த அப்பள்ளிக்கூடங்களே பல தலைமுறைகளாக முஸ்லிம்களின் மார்க்க உணர்வைக் காத்து வந்தன என்பதை அவர் அறிவார். பொருள் விளங்காமல் ஓதுவதோடு பிள்ளையின் கல்வி நின்றுவிடுவதையே அவர் குறையாகக் கண்டார். ஆகவே அரபையும் தமிழையும் முறைப்படி கற்பிப்பதற்கான பாட நூல்களை ஆக்குவதில் அவர் கருத்தூன்றினார். வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் ஆகிய நவீன கற்பித்தல் முறைகளை மார்க்கக் கல்விக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதே அவரது நோக்கம். அதே காலப்பகுதியில் ஆலிம்களை உருவாக்கும் அரபு மத்ரஸாக்களும் இந்நாட்டில் வேரூன்றின. வெலிகாமத்தில் பாரி மத்ரஸா 1884 இலும், காலியில் பஹ்ஜதுல் இப்ராஹிமிய்யா 1892 இலும் தோன்றின. ஆலிம்களுக்கு ஒரு பாதையும் பொதுமக்களின் பிள்ளைகளுக்கு இரு கல்விகளும் இணைந்த மற்றொரு பாதையும் ஒரே காலத்தில் உருப்பெற்றன.

பெண் கல்வி பற்றிய அவரது துணிவு தனியே குறிப்பிடத்தக்கது. பெண் பிள்ளைகள் எழுதக் கற்பதையே பலர் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையை அவர் தொடங்கினார். அதன் பொறுப்பைத் தம் சகோதரியிடமே ஒப்படைத்தார். பிறர் வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்யுமுன் தம் குடும்பத்திலிருந்தே ஆசிரியையை முன்னிறுத்திய அச்செயல், நூறு கட்டுரைகளுக்கு ஈடானது. பின்னாளில், 1946 இல், சேர் ராசிக் பரீத் அவர்களின் முயற்சியால் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழுந்தபோது, கண்டியில் இடப்பட்ட அந்த வித்து பெருமரமானதாகவே கொள்ளலாம்.

பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய பின் அவர் கொழும்புக்குச் சென்று, தோல்வியுற்ற முயற்சியை மீண்டும் கையிலெடுத்தார். இம்முறை அவருக்குக் கைகொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டி முடித்த புகழ்பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர் அவர். அறிஞரின் சிந்தனையும், செல்வந்தரின் கரமும், நாடு கடத்தப்பட்ட தலைவரின் நல்லாதரவும் ஒன்றுகூடியதன் பயனாகவே 1892 இல் மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமாயிற்று. பாடசாலையின் அன்றாட முகாமைத்துவத்தை வாப்பிச்சி மரைக்கார் நீண்ட காலம் தாங்கினார். அது 1913 இல் ஸாஹிராக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. எண்ணம் எத்துணை உயர்ந்ததாயினும் நிதியும் நிர்வாகமும் இன்றி அது நிலைக்காது என்ற பாடத்தை 1884 இன் அனுபவம் கற்பித்திருந்தது. 1892 இல் அப்பாடம் பயன்பட்டது.

அரசியல் உரிமைகளிலும் அவர் வாளாவிருக்கவில்லை. சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அவரது எழுத்து வலுவூட்டியது. 1889 இல் எம். சி. அப்துல் ரகுமான் அவர்கள் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் முன்வைத்த கருத்தையும் சித்திலெப்பை மறுத்தெழுதினார். அம்மறுப்பும் தமிழ் மொழியிலேயே அமைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. தம் சமுதாயத்தின் தனித்துவத்தை வலியுறுத்திய அதே வேளை, தமிழ் மொழி மீதான பற்றை அவர் சிறிதும் குறைத்துக்கொள்ளவில்லை.

அப்பற்றிற்குச் சான்றாக நிற்பது 1885 இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினமாகும். தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி ஆறே ஆண்டுகளில் வெளிவந்த இந்நூல், ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்ற சிறப்பைப் பெறுகிறது. எகிப்தையும் பம்பாயையும் களமாகக் கொண்டு செல்லும் அக்கதையைப் படித்த வாசகன், மஸ்கெலியாவிலோ மாத்தறையிலோ இருந்தபடி பரந்த உலகொன்றைக் கண்டான். 1892 இல் 'ஞானதீபம்' என்ற சஞ்சிகையையும் அவர் நடத்தினார். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் மெய்ஞ்ஞான விடயங்களை ஆராயும் 'அஸ்ராறுல் ஆலம்' என்ற நூலை எழுதினார். அதன் கருத்துக்கள் சிலரது கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. நவீன கல்வியை வலியுறுத்தியவர் மார்க்கத்தின் ஆழத்தில் அக்கறையற்றவர் என்ற கூற்று எத்துணை தவறானது என்பதற்கு அந்நூலே சான்று.

1898 பெப்ரவரி 5 ஆம் திகதி, அறுபது வயதை எட்டுமுன்னரே, அவர் கண்டியில் காலமானார். மருதானைப் பாடசாலைக்கு அப்போது வயது ஆறுகூட நிறைவடையவில்லை. தம் கனவின் முழுப் பயனையும் அவர் காணவில்லை. 1921 இல் டி. பி. ஜாயா அவர்கள் ஸாஹிராவின் அதிபராகி அதனை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக்கினார். 1948 முதல் 1961 வரை அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அதனைப் பல்கலைக்கழகத்தின் படிவாயிலாக்கினார். அதற்கு முன்னரே, 1945 இல், வறிய மாணவருக்கான முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கியவரும் அவரே. 1973 இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கலைகளையும் பல்கலைக்கழகக் கல்வியையும் ஒரே வளாகத்தில் இணைத்தது. அரசாங்கம் 1977 இல் சித்திலெப்பையின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டுக் கௌரவித்தது.

இவ்வரலாறு ஊவாவின் மலைகளுக்கு உரைப்பது யாது? இங்கு கல்வி மிகத் தாமதமாகவே மலையேறியது. தேயிலையும் புகையிரதமும் விரைந்து வந்தன. பாடசாலை மெல்ல வந்தது. தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்த வேண்டும் என்ற கடப்பாட்டை 1907 ஆம், 1920 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் விதித்தபோதும், பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற நிலைக்கு மேல் அது உயரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945 முதல் இலவசக் கல்வி கிடைத்தபோது, லயத்துப் பிள்ளை அதன் ஓரத்திலேயே நின்றது. கடைவீதியின் முஸ்லிம் பிள்ளைக்குக் கடை குறுக்கே நின்றது. லயத்துப் பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை குறுக்கே நின்றது. காரணங்கள் வேறாயினும் இழப்பு ஒன்றே. தமிழ் மொழி மூலம் கற்கும் இவ்விரு பிள்ளைகளும் பல இடங்களில் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் மத்ரஸாக்கள் மீது நாடு முழுவதும் ஐயப் பார்வை விழுந்தது. அவற்றைப் பதிவு செய்தல், பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்தல் பற்றிய குரல்கள் எழுந்தன. வன்முறையாளர் சிலரின் கொடுஞ்செயலுக்கு அலிப், பே ஓதும் பிள்ளை பொறுப்பாகாது. அதே வேளை, வெளியார் ஐயுறுகின்றனர் என்பதற்காக அன்றி, தம் பிள்ளைகளின் நலன் கருதியே மார்க்கக் கல்வியைச் சீர்படுத்த வேண்டிய கடமை சமுதாயத்திற்கு உண்டு. சித்திலெப்பை எந்த அரசாங்கத்தின் நெருக்குதலாலும் குர்ஆன் பள்ளிக்கூடத்தைத் திருத்த முற்படவில்லை. அன்பின் காரணமாகத் திருத்த வந்தார். வெளியிலிருந்து திணிக்கப்படும் சீர்திருத்தத்திற்கும் உள்ளிருந்து எழும் சீர்திருத்தத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அரசாங்கப் பாடசாலைகளில் இஸ்லாம் ஒரு பாடமாக உள்ளது; சாதாரண தரப் பரீட்சையிலும் அது இடம்பெறுகிறது. ஆயினும் மௌலவி ஆசிரியர் பற்றாக்குறை நீண்ட காலமாகப் பேசப்படும் குறையாகும். முஸ்லிம் மாணவர் சிறுதொகையினராக உள்ள மலையகப் பாடசாலைகளில் அக்குறையின் தாக்கம் கூடுதலாகவே இருக்கும். ஆசிரியர் இல்லாத பாடம் மத்ரஸாவின் தோளில் விழுகிறது; மத்ரஸாவிலோ பயிற்சி பெற்ற ஆசிரியரும் தக்க ஊதியமும் அரிது. வார இறுதியில் நடைபெறும் அஹதிய்யாப் பாடசாலைகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பி வருகின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதாமல், ஒரே பிள்ளைக்கான ஒரே நேர அட்டவணையின் பகுதிகளாகக் கருத வேண்டும். பாடசாலை அதிபரும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்றாக அமர்ந்து பேசினால், பரீட்சைக் காலத்தில் பிள்ளை இரு பக்கமும் இழுபடும் அவலம் குறையும்.

சித்திலெப்பையின் வாழ்விலிருந்து பெறத்தக்க மற்றொரு பாடமும் உண்டு. அவர் முன்வைத்த நான்கு மொழித் திட்டம் இன்று ஊவாவிற்கு மிகவும் பொருந்துவதாகும். சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தில், தமிழ் மொழி மூலம் கற்கும் பிள்ளை சிங்களத்தைச் செவ்வனே அறியாவிட்டால் பிரதேச செயலகத்தில் ஒரு படிவத்தைக்கூடப் பிறர் துணையின்றி நிரப்ப இயலாது. ஆங்கிலம் அறியாவிட்டால் உயர்கல்வியின் பல வாசல்கள் மூடியே இருக்கும். தமிழை இழந்தால் சிந்தனையின் வேர் அறுந்துவிடும். அரபை எழுத்துக்கூட்டி ஓதுவதோடு நிறுத்தினால் மார்க்கத்தின் பொருள் எட்டாமலே போய்விடும்.

மரணித்த பெரியாரை விழா எடுத்துப் போற்றுவது எளிது. அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வதே அரிது. 1884 இல் தொடங்கிய பாடசாலை நலிந்தபோது சித்திலெப்பை சமுதாயத்தை நொந்துகொண்டு ஒதுங்கிவிடவில்லை. எட்டாண்டுகளின் பின் மீண்டும் தொடங்கினார். அப்புத்தளைக் கடைவீதியில் மாலை ஓதி முடித்துப் புத்தகப் பையுடன் வீடு திரும்பும் பிள்ளைக்கும், அதே பாதையில் மலையேறி லயத்திற்குச் செல்லும் அதன் வகுப்புத் தோழனுக்கும் அந்த விடாமுயற்சியே நாம் அளிக்க வேண்டிய சொத்தாகும். பெற்றோரும் ஆசிரியரும் ஆலிம்களும் தனவந்தரும் இதனை உணர்ந்து செயற்படுவார்களாயின், அதுவே அன்னாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.